கம்பியில் உன்னை அனுப்பியது நான் இல்லை

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் ஹட்டனில் ரயிலேறிப் போய் இன்றோடு ஒன்பது நாள். கல்யாணத்துக்கு நட்ட பந்தல் கால்களைப் பிடுங்கியாகிவிட்டது. இரவல் வாங்கிய நாற்காலிகள் எல்லாம் அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சமிருந்த லட்டை உன் அம்மா லயத்து வரிசையில் வீடு வீடாகக் கொடுத்து முடித்துவிட்டாள். எல்லா வேலையும் தீர்ந்த பிறகுதான் என் வேலை ஒன்று பாக்கி இருப்பது உறுத்த ஆரம்பித்தது. போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நான் "சாப்புட்டியா, அங்க மழையா" என்பதற்கு மேல் பேசியதில்லை என்று உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். உன் அம்மா கொழுந்தெடுக்கப் போன பிறகு வீட்டு முன்காம்பராவில் உட்கார்ந்து மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கண்ணாடி பழசு.

மண்டபத்தில் நீ மைக்கைப் பிடித்துப் பேசியதைப் பற்றித்தான் எழுத வந்தேன். "எனக்கு ஏழு வயசு. வயித்துக்குள்ள அப்பெண்டிக்ஸ் வெடிச்சிருச்சு. ரோடு இல்ல, பாலம் இல்ல. எங்கப்பா ஒரு செக்கன் கூட யோசிக்கல. கொழுந்து அனுப்புற கம்பியில என்னக் கட்டி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பி வச்சாரு. அந்த மனுசனாலதான் இன்னைக்கு நான் மாப்பிள்ளையா இங்க நிக்கிறேன்" என்றாய். மண்டபமே கை தட்டியது. கொட்டகலையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் எழுந்து நின்று தட்டினார்கள். மருமகள் மாலையோடு இறங்கி வந்து என் காலைத் தொட்டாள். வீடியோக்காரர் கமராவை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார், நான் அழுதுகொண்டிருந்தேன். "பெருமையில அழுவுறாரு" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அது பெருமை இல்லை மகனே. பக்கத்து நாற்காலியில் உன் அம்மா பட்டுச் சேலையில் உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

மருமகள் அந்தக் கம்பியைப் பார்த்ததில்லை. அதைக் கழற்றி விற்றே பல வருஷமாகிறது. அவளும் இதைப் படிப்பாள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். நம் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஆற்றுப் பள்ளம். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலை ஆலையை. அங்கே போகிற வண்டிப் பாதை மலையை முழுசாகச் சுற்றிக்கொண்டு போகும், மழை விழுந்தால் பாதை பாதியும் சேறு பாதியுமாகக் கிடக்கும். அதனால் கொழுந்தைக் கம்பியில்தான் அனுப்புவோம். இந்த மேட்டில் ஒரு இரும்புக் கம்பம், அந்தப் பக்கம் ஸ்டோர் வாசலில் ஒரு கம்பம், நடுவில் பெருவிரல் கனத்துக்கு முறுக்குக் கம்பி. கப்பி பூட்டிய கொக்கியில் மூட்டையை மாட்டிக் கையை எடுத்தால் போதும், அது தானாகவே பள்ளத்துக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய், அந்தப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கும் பழைய டயர்களில் மோதி நிற்கும். மூட்டையை விடுமுன் இரும்புத் துண்டால் கம்பியில் ஒரு தட்டு தட்டுவேன். "வருது" என்று அர்த்தம். மூட்டை போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கம் நிற்கும் சுப்பையா மாமா இரண்டு தட்டு தட்டுவார். "வந்துருச்சு" என்று அர்த்தம். பனி மூடினால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்தத் தட்டுதான் எங்களுக்குப் பேச்சு. மூட்டையை விட்டதும் மனசுக்குள் எண்ண ஆரம்பிப்பேன், நாற்பது எண்ணுவதற்குள் இரண்டு தட்டு வந்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாரம் கூடினால் மூட்டை டயரைப் பிய்த்துக்கொண்டு போகும். குறைந்தால் நடுப்பள்ளத்தில், கம்பி தொய்கிற இடத்தில், நின்றுவிடும். நின்றதை நகர்த்த ஒரே வழி பின்னால் இன்னொரு மூட்டையை விட்டு இடிப்பதுதான். அப்படி இடித்ததில் கொக்கி கழன்று பள்ளத்தில் விழுந்த மூட்டைகளும் உண்டு. நான் கம்பி ஓட்டிய பதினொரு வருஷத்தில் ஆறு விழுந்திருக்கின்றன. மற்றபடி மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்வேன். தராசு அரைக் கிலோ தப்பினாலும் நான் தப்ப மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம் அது. தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்.

அந்தத் தலைக்கனத்திலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. ஒரு திங்கட்கிழமை நீ பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாய். சாப்பாடு வேண்டாம் என்றாய். செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாரும் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது உன் அம்மா மட்டும் போகாமல் நின்றுவிட்டாள். "புள்ளைக்கு மேலு சுடுதுங்க. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவம்" என்றாள். கொழுந்து பொங்கி வரும் மாதம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மூட்டை. "நான் போனா கம்பி நின்னுரும். குடல் ஏறியிருக்கும், தடவி விட்டாச் சரியாப் போயிரும்" என்று சொல்லி, எண்ணெயைச் சூடு காட்டி நானே உன் வயிற்றைத் தடவினேன். நீ அலறினாய். அலறினால் குடல் இறங்குகிறது என்று அர்த்தமாம், அப்படி ஒரு வியாக்கியானமும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. நீங்கள் வராவிட்டால் நானே கொண்டுபோகிறேன் என்று உன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நான் வாசலை மறித்துக்கொண்டு, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டு அவளை உள்ளே அனுப்பினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ரோடு இருந்தது, பாலம் இருந்தது, பஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மழை பிடித்தது. புதன்கிழமை விடியும்போது வளைவுப் பக்கம் மண்மேடு சரிந்து பாதையை மூடிவிட்டது என்று சொன்னார்கள். ஆற்றைக் கடக்கிற நடைபாலமும் போய்விட்டது. ஸ்டோர், தோட்டத்து மருந்துக்காரர், லொறி, ஆஸ்பத்திரிக்குப் போகிற தார் ரோடு எல்லாம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாமும் தேயிலையும் மட்டும். உன் வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. கண் உள்ளே போய்விட்டது. அதைவிட, நீ அழுவதை நிறுத்திவிட்டாய். முதல் நாள் அலறிய பிள்ளை சத்தமே இல்லாமல் கிடந்தாய். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவும் எப்படிப்பட்ட பயம் தெரியுமா, உன்னைப் பார்க்கவே பயந்து நான் கம்பத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன். கம்பியைச் சரிபார்க்கிற சாக்கில்.

உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக அங்கேயே வந்தாள். மழை தூறலாகியிருந்தது. பனியில் பத்தடிக்கு மேல் கம்பி தெரியவில்லை.

"இவனக் கம்பியில அனுப்புங்க."

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? ஆறு மூட்டை விழுந்துருக்கு இதுல. என் கண்ணால பாத்துருக்கேன்."

"போய்ச் சேந்தது எத்தன?"

"என்ன?"

"விழுந்தத எண்ணி வச்சிருக்கீங்க. போய்ச் சேந்தத எண்ணுனீங்களா?"

பதினொரு வருஷத்தில் போய்ச் சேர்ந்ததை யார் எண்ணினார்கள்? ஆனாலும் விடவில்லை. தண்ணீர் வற்றட்டும், பகலுக்குள் வற்றிவிடும், ஆட்களைச் சேர்த்துத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போவோம் என்றேன். "தண்ணி வத்துற வரைக்கும் இவன் இருப்பானா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். சத்தம் போடவில்லை. முந்தின நாள் நான் போட்ட சத்தத்தில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. உன்னைக் கீழே விரித்த சாக்கில் படுக்க வைத்துவிட்டுத் தன் இடுப்பிலிருந்த படங்கை அவிழ்க்க ஆரம்பித்தாள். மருமகளுக்கு: படங்கு என்பது தேயிலைச் செடி குத்தாமல் இருக்கக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கெட்டித் துணி. அதில் உன்னை மார்பு வரைக்கும் சுற்றி, அக்குளுக்குக் கீழே முடிச்சுப் போட்டாள்.

அதற்குப் பிறகு நானும் வேலை செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என்னை ஒரேயடியாகக் கேவலமாக நினைத்துவிடாதே. முந்தின நாள் அனுப்ப முடியாமல் கிடந்த கொழுந்து மூன்று மூட்டை இருந்தது. நிறுவை எழுதுகிற அட்டை ஒன்றின் பின்பக்கத்தில், "அடுத்த மூட்டையில் என் மகன் வருகிறான். டயரில் மோத விடாதே. கையில் பிடி. லொறியைத் தயாராக வை" என்று எழுதி முதல் மூட்டையின் வாயில் செருகினேன். ஒரு தட்டு தட்டி அனுப்பினேன். முப்பத்தெட்டில் இரண்டு தட்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டு, மெதுவாக. அப்படி ஒரு குறியே எங்களிடம் கிடையாது. அட்டையைப் படித்துவிட்டார், அனுப்பச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அடுத்த மூட்டையில் பாதிக் கொழுந்தைக் கொட்டிவிட்டு உன்னை நடுவில் உட்கார வைத்தோம். தலை மட்டும் வெளியே. உன் எடை பத்தாது, நடுவில் நின்றுவிடும். அதனால் ஈரக் கொழுந்தைப் பிடி பிடியாகச் சேர்த்து, தூக்கிப் பார்த்து, இன்னும் இரண்டு பிடி சேர்த்து, மறுபடி தூக்கிப் பார்த்தேன். தராசு பத்தடியில் இருந்தது. அதில் வைக்கத் தோன்றவே இல்லை. என் கை சொன்னது சரி என்று அன்றைக்கு நம்பினேன், அது ஒன்றுதான் நான் அன்றைக்குச் சரியாக நம்பியது.

கொக்கியை மாட்டினேன். முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். இரும்பால் ஒரு தட்டு தட்டினேன். இனி கையை எடுக்க வேண்டும். அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை மகனே. மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "விடுங்க" என்றாள். நின்றேன். "விடுங்கங்க." என் கை என் பேச்சைக் கேட்கவில்லை என்று சொன்னால் அது சாக்கு. நான் விட விரும்பவில்லை, அதுதான் நிஜம். செத்தாலும் என் கையிலேயே சாகட்டும் என்று அந்த நேரத்தில் ஒரு நினைப்பு வந்தது. பெற்றவனுக்கு இப்படியும் ஒரு நினைப்பு வருமா என்று நீ கேட்பாய். வந்தது. உன் அம்மா குனிந்து என் வலது மணிக்கட்டைக் கடித்தாள். சும்மா இல்லை, ரத்தம் வரக் கடித்தாள். நான் கையை உதறிய அந்தக் கணம், தோளால் மூட்டையை ஒரு தள்ளு தள்ளினாள். நீ பனிக்குள் போய்விட்டாய். என் கையில் இருக்கிற தழும்பைக் காட்டிச் சின்ன வயசில் எத்தனை தரம் கேட்டிருப்பாய், "கம்பி கிழிச்சதாப்பா" என்று. ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அது உன் அம்மாவின் பல்.

நான் எண்ண ஆரம்பித்தேன். இருபது வரைக்கும் கப்பி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஆற்றுச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. நாற்பது வந்தது. தட்டு வரவில்லை. ஐம்பது. அறுபது. கொழுந்து போதவில்லை, நடுவில் நின்றுவிட்டாய் என்று முடிவு கட்டினேன். பின்னால் இன்னொரு மூட்டையை விட்டு இடிப்பதா? இடித்தால்? நூறு வந்தபோது எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. உன் அம்மா கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். "புள்ளையக் கொன்னுட்டியேடி பாவி! ஒன் கையாலேயே கொன்னுட்டியே!" என்றேன்.

இதுதான் நான் எழுத வந்தது. மற்றதெல்லாம் இதற்கு வழி. முந்தின நாளே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவளை, வாசலை மறித்தவன் இப்படிச் சொன்னேன்.

அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் கம்பத்தை விட்டுவிட்டு அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தாள். "பசிக்குது. திங்க ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். நான் சொன்னதைக் கேட்டு மூளை பிசகிவிட்டது என்றே நினைத்தேன். அந்த நேரத்தில்தான் கம்பி பேச ஆரம்பித்தது. இரண்டு தட்டு இல்லை. இருபது, முப்பது, கணக்கே இல்லை. திருவிழாவில் தப்படிக்கிற மாதிரி யாரோ வெறி பிடித்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். சுப்பையா மாமா பிறகு சொன்னார்: டயருக்கு முன்னால் நின்று உன்னை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, மூட்டையோடு மல்லாக்க விழுந்தாராம். சாக்கைக் கிழித்து உன்னை எடுத்துக்கொண்டு லொறிக்கு ஓடினாராம். ஸ்டோரில் தேயிலை சலிக்கிற ராசாத்தி அக்கா உன்னை மடியில் வாங்கிக்கொண்டு லொறியில் ஏறிய பிறகு, "யோவ், மேல பெத்தவங்க நிக்கிறாங்கய்யா!" என்று சத்தம் போட்டாளாம். அதற்கப்புறம்தான் அவருக்குத் தட்ட வேண்டும் என்ற ஞாபகமே வந்ததாம். அன்றைக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. என் டப்பாவில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருந்தது. உன் அம்மா மழையில் உட்கார்ந்து முழுவதையும் தின்று முடித்தாள்.

தண்ணீர் கொஞ்சம் தணிந்ததும் ஆண்கள் கயிறு பிடித்து எங்களைக் கடக்க வைத்தார்கள். நாங்கள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். உனக்கு ஒப்பரேஷன் முடிந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பெரிய டாக்டர் சிங்களத்தில் சொன்னார். பிறகு, இந்த நோவில் வயிற்றைத் தடவவே கூடாது, யார் தடவியது என்று கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். தெரியாத மாதிரி நின்றேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள், பேசாமல் இருந்துவிட்டாள். நீ கண் விழித்ததும் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "இன்னொருக்கா போவமாப்பா?" என்றாய். பக்கத்துக் கட்டில்காரர்கள் கூடச் சிரித்தார்கள். அப்படி ஒரு சந்தோஷமான சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

நீ வீடு திரும்பிய மாதத்தில்தான் மாரியம்மன் திருவிழா. பிள்ளையைக் கம்பியில் அனுப்பிக் காப்பாற்றியவர் என்று சொல்லிக் கோயில் கமிட்டியார் என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். தோட்டத்தில் பெரிய மனுஷர்களுக்கு மட்டும் கட்டுகிற துணி அது. கம்பி ஓட்டுகிறவன் நான், பிள்ளை போனது கம்பியில், அப்படியானால் அனுப்பியதும் நான்தான் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. தலையைக் குனிந்து காட்டினேன். உன் அம்மா பெண்கள் வரிசையில் நீ நசுங்காமல் இருக்க உன்னைத் தூக்கிப் பிடித்து, "அப்பாவப் பாரு, அப்பாவப் பாரு" என்று காட்டிக்கொண்டிருந்தாள். அன்றிரவு அவளிடம், உள்ளதை எல்லாரிடமும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "விடுங்க. புள்ள பொழச்சிருச்சுல்ல" என்றாள். நானும் சௌகரியமாக விட்டுவிட்டேன். வருஷத்துக்கு வருஷம் கதை வளர்ந்தது. யாராவது தப்பாகச் சொன்னால் திருத்துவதற்குப் பதில், பனி எவ்வளவு இருந்தது, கம்பி எவ்வளவு நீளம் என்று நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நீ மைக்கில் சொன்னது நான் வளர்த்துவிட்ட கதைதான். உன் மேல் ஒரு தப்பும் இல்லை.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் அப்பன் கடிதம் எழுதிவிட்டுப் புத்தி சொல்லாமல் விட்டால் நீயே சந்தேகப்படுவாய். நான் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலடியில் கிடந்த பன்னிரண்டு நாளும் கம்பி ஓடியது. சுப்பையா மாமாவின் தம்பி ஓட்டினான், ஒரு மூட்டை கூட நிற்கவில்லையாம். நான் போனால் நின்றுவிடும் என்று எந்தக் கம்பியைச் சொல்லி உன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேனோ, அந்தக் கம்பி. உன் ஆபீசிலும் நீ இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று உனக்கு ஒரு நாள் தோன்றும். தோன்றினால் என்னை நினைத்துக்கொள். உன் பெண்டாட்டி பயப்பட்டு ஒன்று சொன்னால், விளக்கம் சொல்லாமல் முதலில் செருப்பை மாட்டு. போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தால் நல்லதுதானே, வழியில் ஒரு டீ குடித்துவிட்டு வா. அப்புறம், தைரியம் என்பது உனக்கு வராத நேரமும் வரும். அந்த நேரத்தில் அவளுக்கு வந்தால் குறுக்கே நிற்காதே. அடுத்த தரம் இந்தக் கதையை எங்கே சொன்னாலும் உன் அம்மாவின் பேரைச் சொல்லிச் சொல். எடை பார்த்தது மட்டும் அப்பா என்று சொல்லிக்கொள், அது நிஜம்.

இதோடு மடித்து உறையில் போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவளைப் பற்றி அவளுக்கே தெரியாமல் எழுதி அனுப்பினால் அதுவும் ஒரு திருட்டுத்தனம் என்று தோன்றியது. நேற்று அவள் மலையிலிருந்து இறங்கி வந்து, கை கால் கழுவி, பிளேன்டீ குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு எதிரில் உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். குச்சியால் பல்லில் சிக்கியதை எடுத்துக்கொண்டே கேட்டாள். மணிக்கட்டுக் கதை வந்ததும், "அந்த எடத்த அடிச்சிடுங்க. மருமக டீச்சரு. மாமியா கடிப்பான்னு நெனச்சுக்கிறப் போறா" என்றாள். அடிக்க மாட்டேன் என்றேன். "அப்ப ரத்தம் வந்ததையாச்சும் எடுங்க" என்றாள். அதையும் எடுக்கவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. நான் அவளைப் பார்த்துக் கத்திய இடம். எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "இத்தன வருசமா இதுக்கு ஒங்கிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கல. இப்பக் கேக்குறேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எப்பச் சொன்னீங்க இத?"

"அங்கதான், கம்பத்தடியில. நீ கம்பத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னியே, அப்ப."

"எனக்குக் கேக்கவே இல்லயே. நான் கம்பத்துல காத வச்சுக்கிட்டுல்ல நின்னேன்" என்றாள். "புள்ள போற சத்தம் இரும்புக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நடுவுல எங்கயும் நிக்கல. அந்தக் கடேசி வரைக்கும் போயித்தான் நின்னுச்சு. அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் காத எடுக்கல. சேந்துட்டான்னு தெரிஞ்சதுக்கு அப்புறந்தான் உக்காந்தேன். நீங்க என்னத்துக்கு அப்புடிக் குதிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னு எனக்கு அப்பயே புரியல."

பதினொரு வருஷம் கம்பி ஓட்டியவன் நான். கம்பத்தில் காதை வைத்தால் கேட்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பொய் சொல்லி என்னைத் தேற்றுகிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். தேற்றுகிற முகம் அது இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது, இருமல் வேறு. இருபத்து மூன்று வருஷம் மகனே. அவள் எழுந்து முதுகைத் தட்டி, தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள்.

"அப்ப இதுக்காகத்தானா இத்தன வருசமா எங்கிட்ட ஒரு சண்டை கூடப் போடாம இருந்தீங்க?" என்றாள். "நான் என்னமோ நீங்க நல்ல மனுசனா மாறிட்டீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அப்பா